மந்தம் வருமோ? பாலாற்றங்கரையும் வருவதுரைப்போரும்

"உலகமெங்கும் வாணிக மந்தம் வரும் என்கின்றனரே; நம் பக்கத்துக்கு என்ன நேரும்?" என்னும் வினா ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எம்மூராகிய ஆலங்காயத்திலும் தேநீர்க்கடைதோறும் எழுகின்றது. பத்திரிகைகள் இதற்கு நாள்தோறும் விடை இறுக்கின்றன. திங்கட்கிழமை இறுத்த விடையை வெள்ளிக்கிழமை அவையே மாற்றிக்கொள்கின்றன. கேட்போரோ அஞ்சுவதா, ஆறுதலடைவதா என்றறியாது மயங்குகின்றனர். இம்மயக்கத்தைச் சிறிதேனும் தெளிவித்தல் கூடுமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் மாணவனுக்குப் பொருள்நூல் ஆராய்ச்சி எற்றுக்கு என்பார் உளர். வள்ளுவனார் தம் 133 அதிகாரங்களுள் 70 அதிகாரங்களைப் பொருட்பாலுக்கே வகுத்தனர் என்பதை அன்னார் நினைவுகூர்வாராக. யவனர் கலங்கள் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற முசிறித் துறையை அகநானூறு காட்டுகின்றது. அத்துறையின் செல்வம் கடல்கடந்த உரோமரது விருப்பத்தைப் பற்றி நின்றது; உரோமப் பேரரசு தளர்ந்த காலத்து அவ்வாணிகமும் தளர்ந்தது. அயலான் கைப்பொருளை நம்பி வாழும் ஊரின் நிலை தமிழர்க்குப் புதியதன்று.

பொருள்நூலார் 'சிறிய திறந்த பொருளாதாரம்' என ஒன்றைக் கூறுவர். சிறுமை என்பது ஈண்டு மக்கட்டொகையைப் பற்றியதன்று. உலகச் சந்தையின் விலையைத் தான் நிருணயிக்க மாட்டாது, அங்கு நிருணயிக்கப்பட்ட விலையை ஏற்றே தீரவேண்டிய நிலையைப் பற்றியது. திறந்தமை என்பது, தன் பிழைப்பின் பெரும்பகுதியைப் பிற நாட்டாரோடு கொண்டும் கொடுத்தும் நடத்துதல். சிங்கப்பூர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அந்நாட்டின் ஏற்றுமதி இறக்குமதிகளின் கூட்டுத்தொகை அதன் ஆண்டு உற்பத்தியைப்போல் மும்மடங்கினும் மிகுதியாகும்.

இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் தோற்றொழில் நிலப்பகுதி தனிநாடன்று. எனினும் மேற்கூறிய இலக்கணம் அதற்கு முற்றும் பொருந்தும். ஆம்பூரில் தைக்கப்படும் காலணியை ஆம்பூரார் அணிவது அரிது. அது ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் செல்வது. ஆலங்காயமோ தோல் பதனிடும் ஊர் என்பதினும், பதனிடும் ஊர்க்கும் தைக்கும் ஊர்க்கும் ஆள் அனுப்பும் ஊர் என்பதே பொருந்தும். சவ்வாது மலையடிவாரத்துச் சிற்றூர்களில் விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண்மக்களே எம்மூர்க்கு ஏற்றுமதி வாணிகம் இன்னது என்பதைக் காட்டுவோர்.

சிங்கப்பூர்க்கும் நமக்கும் உள்ள வேற்றுமை ஒன்றையும் மறத்தலாகாது. அந்நாட்டுக்குத் தனி நாணயம் உண்டு. அந்நாணயத்தின் மாற்று விகிதத்தையே கருவியாகக் கொண்டு வெளிநாட்டு அலைகளை ஓரளவு தணிக்கும் நாணய ஆணையம் உண்டு. நல்லாண்டுகளில் சேர்த்துவைத்த பெருநிதியும் உண்டு. பாலாற்றங்கரைக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ரூபாயின் மதிப்பு பம்பாயில் நோக்கப்படுவது. சுங்க வரி வாஷிங்டனிலும் டில்லியிலும் விதிக்கப்படுவது. ஆர்டரை ஏற்பதும் மறுப்பதும் ஐரோப்பியக் கடைக்காரன் செயல். வீடு நம்முடையது, வாயிலும் நம்முடையது. தாழ்ப்பாள் மட்டும் பிறர் கையில் உள்ளது.

இனி, வருவதுரைப்போர் இதுகாறும் உரைத்தவை எவ்வளவு பலித்தன என நோக்குவோம். 1929 அக்டோபரில் அமெரிக்கப் பேராசிரியர் இர்விங் ஃபிஷர், பங்குகளின் விலை இனிக் கீழிறங்காத மேட்டுநிலத்தை எய்திவிட்டது என்னும் கருத்தை வெளியிட்டார். அம்மாதம் முடியுமுன்னரே நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. 2008 ஏப்ரலில் சர்வதேச நாணய நிதியம், 2009ஆம் ஆண்டில் உலக உற்பத்தி 3.8 சதவிகிதம் வளரும் என்றது; அவ்வாண்டில் உலக உற்பத்தி வளராததோடு குறைந்தும் போயிற்று. 2020 ஜனவரியில் அந்நிதியமே அவ்வாண்டின் வளர்ச்சி 3.3 சதவிகிதம் என்றது. கொரோனாக் கொள்ளைநோய் அக்கணக்கை முற்றும் கவிழ்த்தது. 2022 இறுதியில் அறிஞர் பலர், 2023இல் அமெரிக்கா மந்தத்தில் வீழும் என்றனர், அது வீழவில்லை. வரும் என்றது வராமையும், வராது என்றது வருதலும் ஆக இருவகைப் பிழையும் நேர்ந்திருக்கக் காண்கின்றோம்.

சிங்கப்பூரின் 2025ஆம் ஆண்டுக் கதை மிகவும் கருதத்தக்கது. ஆண்டுத் தொடக்கத்தில் அந்நாட்டு வாணிக அமைச்சகம் 1 முதல் 3 சதவிகித வளர்ச்சியை எதிர்நோக்கிற்று. அமெரிக்காவின் புதுச் சுங்க வரிகள் அறிவிக்கப்பட்டதும், ஏப்ரலில் அதனை 0 முதல் 2 சதவிகிதம் எனக் குறைத்தது. ஆகஸ்டில் 1.5 முதல் 2.5 என உயர்த்தியது. நவம்பரிலோ ஏறத்தாழ 4 சதவிகிதம் என்றது. கணக்கறிந்த அறிஞரும் நம்பத்தக்க புள்ளிவிவரமும் நிறைந்த நாட்டிலேயே ஓராண்டுக்குள் ஒரெண் இவ்வாறு இறங்கியும் ஏறியும் நின்றதெனின், புள்ளிவிவரமே அரிதாகிய நம் பகுதிக்கு ஒருவர் வந்து, அடுத்த ஆண்டின் நிலை இத்தனை சதவிகிதம் எனத் துணிந்து கூறின், அவரை நம்புவது எங்ஙனம்?

இவ்வறிஞர்கள் அறிவிலிகள் என்பது எம் கருத்தன்று. பிழை அவர்தம் அறிவிலன்று. அவர் அளக்கப் புகுந்த பொருளின் இயல்பில் உள்ளது. ஆலங்காயத்திலிருந்து மலையேறிச் செல்வோர் காவலூர் வானாய்வுக்கூடத்தைக் காண்பர். 1986இல் அங்கு நிறுவப்பெற்ற 2.3 மீட்டர் தொலைநோக்கி இந்திய விண்ணாராய்ச்சிக்குப் பெருமை தந்தது. வானநூலார், இன்ன ஆண்டில் இன்ன நாளில் இன்ன நாழிகையில் கிரகணம் நிகழும் எனக் கூறின், அது தவறாது நிகழ்கின்றது. ஏனெனின், கிரகணம் வரும் என்று கேட்டுச் சந்திரன் அஞ்சி வழிமாறுவதில்லை. வாணிகத்தில் அவ்வாறன்று. மந்தம் வரும் என்னும் சொல்லைக் கேட்ட வங்கி கடனைச் சுருக்குகின்றது. கடைக்காரன் சரக்கைக் குறைக்கின்றான். முதலாளி புது இயந்திரம் வாங்குவதை ஒத்திவைக்கின்றான். இவையனைத்தும் கூடி, வாராதிருக்கக்கூடிய மந்தத்தையும் வருவிக்கின்றன. சிலபோது அதே சொல்லைக் கேட்ட அரசாங்கம் விழித்துக்கொண்டு வட்டியைக் குறைத்து, வரவிருந்த மந்தத்தைத் தடுத்தும் விடுகின்றது. உரைத்த சொல்லே உரைக்கப்பட்ட பொருளை மாற்றும் துறையில், கிரகணத்துக்குரிய நிச்சயத்தை எதிர்பார்த்தல் பேதைமையாகும்.

அரசர்தம் கையெழுத்தும் இக்கணக்கில் அடங்காதது. இந்தியப் பண்டங்கள்மீது அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 7ஆம் நாள் முதல் 25 சதவிகிதக் கூடுதல் வரி விதித்தது. அம்மாதம் 27ஆம் நாள் முதல் அது 50 சதவிகிதமாயிற்று. இருபது நாள்களில் இருமடங்கான வரியை எந்தச் சூத்திரம் முன்னறிந்து கூறும்? ஒரு கையெழுத்தால் ஏறியது மற்றொரு கையெழுத்தால் இறங்கவும் கூடும். இந்தியத் தோற்பொருள் ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை வாங்கிவந்த நாடு அஃது என்பதை எண்ணுங்கால், அக்கையெழுத்தின் கனம் ஆம்பூரின் தையற்பலகை வரை எட்டுவதை உணரலாம்.

நிற்க. அங்ஙனமாயின் வருவதறிய முயலுதலே வீண்முயற்சியோ எனின், அன்று. 'எப்பொழுது வரும், எவ்வளவு வரும்' என்பது ஒரு வினா. 'எவ்வழி வரும், வந்தால் யாரைத் தாக்கும்' என்பது மற்றொரு வினா. முன்னதற்கு விடை அரிது. பின்னதற்கு விடை நம் வரலாற்றிலேயே எழுதப்பட்டுள்ளது, படிப்பார்தாம் இலர்.

சென்னை மாகாணத்தின் பதனிட்ட தோல் ஒருகாலத்துப் பெரும்பாலும் இலண்டன் சந்தைக்கே சென்றது. முதல் உலகப் போரின்போது போர்வீரர்தம் காலணிக்காக அதற்குப் பெருங்கிராக்கி உண்டாயிற்று. போர் முடிந்ததும் கிராக்கி போயிற்று. 1929இல் தொடங்கிய பெருமந்தம் அடுத்த அடி. 1970களில் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின்னர், அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. முடிந்த தோலும் காலணியும் செய்யக் கற்றவர் பிழைத்தனர், கல்லாதவர் கடையைச் சாத்தினர். 1989 இறுதியில் பென்டாகுளோரோபீனால் என்னும் இரசாயனத்தை ஜெர்மனி விலக்கியபோது, அதனைப் பயன்படுத்திவந்தோர் திகைத்தனர். 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்குரிய ஈட்டைத் தரவேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. பின்னர் 2008ஆம் ஆண்டின் நெருக்கடி, 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய், 2025ஆம் ஆண்டின் சுங்க வரி.

இவற்றை எண்ணிப் பார்மின்! எட்டு அடிகளுள் உலக மந்தத்தால் வந்தவை மூன்றே. ஏனையவை போராலும் சட்டத்தாலும் இரசாயனத்தாலும் நீதிமன்றத்தாலும் வரியாலும் வந்தவை. இன்னும் ஒன்று உண்டு. அஃது ஓசையின்றி வந்தமையால் எவரும் அதனை அடி என்றே எண்ணவில்லை. இந்தியாவின் தோல், தோற்பொருள், காலணி ஏற்றுமதி 2014–15இல் ஏறத்தாழ 650 கோடி டாலராக இருந்தது. 2019–20இல் ஏறத்தாழ 507 கோடியாயிற்று. இவ்வைந்தாண்டுகளில் உலக மந்தம் என்பது ஒன்று இல்லை. கொள்ளைநோயும் கடைசி ஆண்டின் கடைசிக் கிழமைகளிலேதான் இங்கு நம்மைத் தாக்கிற்று. வேறென்ன நேர்ந்தது? உலகத்தாரின் காலடி மாறிற்று. தோற்காலணி அணிந்தோர் துணியாலும் செயற்கைப் பொருளாலும் ஆகிய விளையாட்டுக் காலணியை அலுவலகத்துக்கும் திருமணத்துக்கும் அணியத் தலைப்பட்டனர். 2020–21இல் கொள்ளைநோயால் 368 கோடியாக வீழ்ந்தது 2022–23இல் 526 கோடியாக மீண்டெழுந்தது. ஆனால் 2014–15ஆம் ஆண்டின் அளவை அது எட்டவில்லை. மந்தம் போனபின் மீளக்கூடியது. மனிதர்தம் விருப்பம் மாறின் மீளாது. மந்தம் வருமோ எனத் தலைவாயிலைக் காத்துநிற்போர், கொல்லை வழியாகச் செல்வம் வெளியேறுவதைக் கண்டிலர்.

அடி வீழுங்கால் அது யார்மேல் வீழ்கின்றது என்பதையும் கூறவேண்டும். ஆடுமாடுகள் தோலுக்காக வெட்டப்படுவனவல்ல; இறைச்சிக்காகவே வெட்டப்படுவன. ஆதலின் தோலின் விலை எவ்வளவு வீழினும் மண்டிக்கு வரும் தோல் குறைவதில்லை. அயல்நாட்டான் ஆர்டரைக் குறைத்தால் பச்சைத்தோலின் விலை நேரே பள்ளத்தில் வீழ்கின்றது. அடுத்தாற்போல் ஓவர்டைம் நிற்கின்றது. பின்னர் வாரத்தில் ஒருநாள் வேலை குறைகின்றது. கூலிக்கு அப்பர் தைத்துத் தரும் சிறு பட்டறை மூடப்படுகின்றது. கம்பெனிப் பேருந்து சில ஊர்களுக்கு வாராதொழிகின்றது. அரசாங்கத்தின் ஏற்றுமதிப் புள்ளிவிவரம் வெளிவருமுன்னரே மலையடிவாரத்துப் பெண்ணொருத்தியின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போய்விடுகின்றது. முன்னறிவிப்பு அவளுக்குக் கிடைப்பது எப்பொழுதும் பின்னறிவிப்பாகவே.

ஈண்டு ஒரு கருத்தை அழுத்தமாகக் கூற விரும்புகின்றோம். மந்தத்தைப் பற்றிய அச்சம் இருவகையாகப் பயன்படும்: ஆயத்தம் செய்வதற்கும் பயன்படும், கடமையை ஒத்திப்போடுவதற்கும் பயன்படும். நல்லாண்டில் கூலி உயர்வு கேட்டால், 'அடுத்த ஆண்டு எப்படியோ' என்னும் விடை வருகின்றது; தீயாண்டில் கேட்டால், 'இந்த ஆண்டில் எப்படி' என்னும் விடை வருகின்றது. பாலாற்றின் துன்பத்துக்கும் இவ்விரு விடைகளே காரணம். 1996இல் தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரி 30ஆம் நாள் அதே பாலாற்று மாசைப் பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புரைத்து, ஈடு வழங்குமாறு பணிக்க நேர்ந்தது. இடையிற் கழிந்த ஏறத்தாழ 28 ஆண்டுகளில் செழித்த ஆண்டுகளும் இருந்தன, நலிந்த ஆண்டுகளும் இருந்தன. ஆற்றைத் தூய்மை செய்தற்கேற்ற ஆண்டு மட்டும் ஒன்றேனும் வந்ததாகத் தெரியவில்லை. எதிர்காலத்தைக் காட்டி நிகழ்காலக் கடனை மறுத்தல் முன்னறிவன்று, அது சூழ்ச்சி.

ஆதியாகமத்தில் யோசேப்பின் வரலாற்றைப் பயின்றோர் பலர், அவன் பார்வோனின் கனவுக்குப் பொருள் கூறியதையே வியப்பர். எமக்கோ அவன் அடுத்துக் கூறியதே பெரிதாகத் தோன்றுகின்றது. ஏழு செழிப்பான ஆண்டுகளிலும் விளைவில் ஐந்திலொரு பங்கை எடுத்துச் சேமிக்க வேண்டும் என அவன் ஏற்பாடு வகுத்தான். கனவின் பொருள் கூறி அமைந்திருப்பின் எகிப்து பஞ்சத்தை அறிந்துகொண்டே மடிந்திருக்கும். இக்காலத்து வருவதுரைப்போரிடம் கனவின் பொருள் மிகுதி, களஞ்சியமோ இல்லை.

2025 பிப்ரவரி வரவுசெலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர், காலணி மற்றும் தோற்றொழில் திட்டத்தால் 22 லட்சம் பேர்க்கு வேலையும், 4 லட்சம் கோடி ரூபாய் வியாபாரமும், 1.1 லட்சம் கோடிக்கு மேற்பட்ட ஏற்றுமதியும் உண்டாகும் என்றார். மகிழத்தக்க செய்தியே. ஆனால் எந்த ஆண்டுக்குள் என்பது அவ்வுரையில் இல்லை. நாள் குறிக்கப்பெறாத எதிர்நோக்கு எக்காலத்தும் பொய்யாவதில்லை. அதனாலேயே அதனை மெய்யென்றும் சோதித்தறிய இயலாது. வருவதுரைப்போர் யாவராயினும், எண்ணையும் நாளையும் எழுதிவைத்து, அந்நாள் வந்தபின் தாமே முன்வந்து ஒத்துப்பார்த்துக் காட்டவேண்டும். நாணயமுள்ள வணிகன் ஆண்டு முடிவில் ஐந்தொகை போடுவதில்லையா?

இவ்வளவு கூறிய யாம் எம் கருத்தையும் ஒளிக்காது கூறுதல் முறையாகும். தோல் பதனிடுதல் இப்பகுதியில் பண்டுபோல் பெருகாது. காலணி தைத்தல் பெருகும். அதிலும் தோலல்லாத காலணியின் பங்கு மிகும். 2025 ஜூலை 24இல் இங்கிலாந்தோடு கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறையில் நிலைபெறின், அந்நாட்டுச் சந்தையில் நம் காலணிக்கு வரிச்சுமை நீங்கி இடம் விரியும். ஜெர்மனியின் உற்பத்தி 2023, 2024 ஆகிய இரண்டாண்டுகளிலும் சுருங்கியமை கருதின், பழைய வாடிக்கையை மட்டும் நம்பியிருத்தல் நன்றன்று. மந்தம் வரினும் வாராதொழியினும் இக்கூற்றுகள் பெரிதும் மாறா என்பதே இவற்றைத் துணிந்து எழுதியதற்குக் காரணம்.

செய்யத்தக்கன யாவை? முதலாவது, களஞ்சியம். தொழிலிழந்தார்க்கு இ.எஸ்.ஐ. வாயிலாக உதவித்தொகை வழங்கும் திட்டம் ஒன்று 2018இல் தொடங்கப்பட்டு, 2020இல் கூலியின் பாதியளவு 90 நாள் வரை என உயர்த்தப்பட்டது. நல்ல ஏற்பாடு, எனினும் இ.எஸ்.ஐ.யில் பெயர் பதியாத கூலிப் பட்டறைப் பெண்ணுக்கு அஃது எட்டாக்கனி. நல்லாண்டில் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, பெயர் பதிந்தார் பதியாதார் என்னும் வேற்றுமையின்றி வேலை குறைந்த வாரங்களில் வழங்கும் நிதியைத் தொழிலதிபர் சங்கங்களும் அரசாங்கமும் கூடி அமைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பழையதொரு வித்தையைப் புதுக்கண் கொண்டு நோக்குதல். குரோம் வருமுன்னர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே நம் முன்னோர் தோல் பதனிட்டனர். மலையும் தொழிலும் அன்று ஒன்றையொன்று தாங்கின. அத்தோல் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. குரோமுக்கு அஞ்சும் ஐரோப்பிய வாங்குநர் மிகுந்துவரும் காலத்தில், அளவிற் சிறிதாயினும் விலையிற் பெரிதாகிய அச்சந்தையைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்தல் தகாது. ஆயின், பட்டையால் பதனிட்ட கழிவுநீரும் கழிவுநீரே. அதனையும் தூய்மை செய்தே விடவேண்டும்.

மூன்றாவது, மாணவர்காள், நம் பங்கு. பத்திரிகைகளின் சதவிகிதத்துக்குக் காத்திராமல் நம் பகுதியின் அடையாளங்களை நாமே திங்கள்தோறும் குறித்தல் இயலும். மண்டியில் ஆட்டுத்தோல் என்ன விலை போயிற்று? ஓவர்டைம் உண்டா, இல்லையா? எத்தனை கம்பெனிப் பேருந்துகள் ஆலங்காயம் வழி ஓடின? அடகுக்கடையில் கூட்டம் மிகுந்ததா? நம் கலாசாலையின் பொருளாதாரச் சங்கம் இவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி, ஆண்டுதோறும் இம்மலரிலே வெளியிடின், மூன்றே ஆண்டுகளில் எந்த அடையாளம் முந்திக் காட்டுகின்றது என்பது புலப்படும். செலவு ஒரு நோட்டுப்புத்தகம். வேண்டுவது சலியாத கால்கள். பேருந்து நின்றுபோகுமுன் அடையாளம் தெரியுமாயின், முன்னறிவிப்பு முதன்முறையாக உரியவள் கைக்கு உரிய காலத்தில் சேரும்.

மந்தம் வருமோ என்னும் வினாவுக்கு எம் விடை இதுவே: வரும்; ஒருகால் அடுத்த ஆண்டிலன்று, ஆயினும் ஒருநாள் வரும். நாளை அறிய முயன்று நல்லாண்டைக் கழிப்பதினும், நாள் எதுவாயினும் தாங்கும் ஆயத்தத்தைச் செய்தலே அறிவுடையார் செயலாகும். கூலியைக் கொடுப்பதற்கும், ஆற்றைக் காப்பதற்கும், களஞ்சியத்தைக் கட்டுவதற்கும் எந்தச் சாத்திரியின் நாளும் கோளும் வேண்டா.